தவக்காலத்துக் கறிக்கடை

பிலோமி அக்காவின் விரலைக் குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த நர்சம்மா, சீட்டில் ஏழு என்று எழுதினார். எழுதிவிட்டு அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

“மாசமும் ஏழு, ரத்தமும் ஏழு. இத்தெ வெச்சிகினு எப்படிம்மா புள்ளெ பெப்பே? ஒம்பதுக்குக் கீழே இருந்தா நான் இங்க சேக்க மாட்டேன். பெரியாஸ்பத்திரிதான்.”

“அங்க ரத்தம் ஏத்துவாங்களாம்மா?” என்றாள் அக்கா.

“கெடைச்சா ஏத்துவாங்க. அங்க மட்டும் ரத்தம் இன்னா மரத்துலயா காய்க்குது?”

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அம்மாவின் சீட்டில் ஆறரை என்று எழுதியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு, தம்பியைப் பெற்ற அன்று அம்மாவுக்கு ரத்தம் போனது நிற்கவே இல்லை. தம்பியும் அன்றே போய்விட்டான். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து நைனாவுக்குச் சோறு வடிக்க ஆள் வேண்டியிருந்தது. அதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது.

நர்சம்மா கொடுத்த மாத்திரை அக்காவின் வயிற்றில் தங்கவில்லை. விழுங்கிய கால் மணியில் வெளியே வந்துவிடும். டானிக் வாங்க வசதி இல்லை என்று அக்காவே சொல்லிவிட்டாள். பிரசவத்துக்காக அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நர்சம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீதானே ஆக்கிப் போடுறே? அப்பக் கேட்டுக்க. கேவுரு குடு. முருங்கக்கீரை தெனமும் குடு. வாரத்துல ரெண்டு நாளு சுவரொட்டி வாங்கிக் குடு. எல்லாம் ஏழை துன்ற சாமான்தான், காசு ஜாஸ்தி ஆவாது. ஆனா நல்லதாப் பாத்து வாங்கணும். இன்னா, வாயெத் தொறந்து சரின்னு சொல்லேன்.”

தலையை ஆட்டினேன். என் வாய் அப்படி. வீட்டுக்குள் இருக்கும், வாசலைத் தாண்டினால் காணாமல் போய்விடும்.

சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். கறிக்கடையில் கருஞ்சிவப்பாக, நாக்கு மாதிரி தொங்கும். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கும், ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கும் அதைத்தான் சுட்டுக் கொடுப்பார்கள். அன்று சாயங்காலமே வாங்கலாம் என்றிருந்தேன். அதற்குள் வியாகுலம்மாள் அத்தை வந்துவிட்டார்கள்.

அத்தை என்றால் அக்காவின் மாமியார். ராயபுரத்தில் ரயில்வே குடியிருப்பில் வீடு. மகன் ஸ்டானிஸ்லாஸ் மச்சான் ரயில்வேயில் வேலை பார்த்தார். காசிமேட்டுக்கு வரும்போதெல்லாம் அத்தை முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். அன்று வைக்கவில்லை. சந்தோஷமாக இருந்தார்கள்.

“சம்பந்தி, நாளைக்கு விபூதிப் புதன். மாதாவாண்ட நேந்துகினு வந்துட்டேன். நாப்பது நாளும் எம் மருமவ மச்சம் மாமிசம் தொட மாட்டா. முட்டை கூடக் கெடையாது. பாஸ்கா முடிஞ்ச கையோட பொறக்கறது பையன். பேரு யேசுதாசு.”

விபூதிப் புதனிலிருந்து பாஸ்கா, அதாவது ஈஸ்டர் வரை தவக்காலம். அதில் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் எங்கள் வீட்டிலும் உண்டு. கறி சேர்க்க மாட்டோம், மீன் ஆக்குவோம். ஆனால் இது நாற்பது நாள், மீனும் கிடையாது, அதுவும் பிள்ளைத்தாய்ச்சிக்கு. நேர்ந்துகொண்டது ஒருவர், பட்டினி கிடப்பது இன்னொருவர். நர்சம்மா போட்ட வட்டத்தைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டார் முன்னால் அவருக்கும் வாய் கிடையாது.

“சரி சம்பந்தி,” என்றார்.

அத்தை பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வைத்தார்கள். பாலில் கலக்குகிற மால்ட் மாவு. டப்பாவின் மேல் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. “தெனம் ஒரு ஸ்பூன் போடு, ரத்தம் ஊறும். கூழு கீழு குடுத்துத் தொலைக்காதே, புள்ளெ கறுப்பாப் பொறக்கும்.”

அந்த டப்பாவின் விலை என்ன என்று மச்சானிடம் அக்கா கேட்டுச் சொன்னாள். அந்தக் காசில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு மாதத்துக் கேழ்வரகு வரும்.

நான் முதலில் நேர்ச்சையை மீறவில்லை. அதற்குள் நின்றே என்ன முடியுமோ அதைச் செய்து பார்த்தேன். ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. ஊரே வெள்ளை அரிசிக்கு வரிசையில் நின்றது. நான் வரிசையை விட்டு மார்க்கெட்டுக்குப் போனேன்.

முதல் தடவை ஏமாந்தேன். கேழ்வரகு மாவாகவே வாங்கி வந்து தண்ணீரில் கரைத்தபோது, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்தது. விரலில் தொட்டால் நறநறவென்றது. சுண்ணாம்போ, கல்மாவோ. அதன் பிறகு எதையும் அரைத்ததாகவோ உடைத்ததாகவோ வாங்கவில்லை. கேழ்வரகு தானியமாக, பயறு தோலோடு, நிலக்கடலை ஓட்டோடு, மிளகு மணியாக. மாவில் எதை வேண்டுமானாலும் கலக்கலாம். மணியில் கலந்தால் கண்ணுக்குத் தெரியும்.

மாத்தூரிலிருந்து கன்னியம்மா என்ற அம்மாள் கேழ்வரகும் கைக்குத்தல் அரிசியும் கூடையில் கொண்டு வந்து மார்க்கெட் வாசலில் உட்காருவாள். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்ப்பேன். தூசி ஒட்டினால் பழசு. இரண்டு மணியைப் பல்லில் கடிப்பேன். டக்கென்று உடைந்தால் காய்ந்தது. பிறகு பேரம். எனக்குப் பேரம் பேசத் தெரியாது. அதனால் நிற்பேன். காசைக் கையில் வைத்துக்கொண்டு, படியைப் பார்த்துக்கொண்டு, சும்மா நிற்பேன்.

“இன்னா பாப்பா, வாங்க வந்தியா, இல்ல எனக்குக் காவலா நிக்கிறியா?”

நான் நகர மாட்டேன்.

“யம்மாடி! பேசுறவளுங்களக் கூட சமாளிச்சிடலாம். இந்தா, ஒரு கை மேல போட்டுக் குடுக்கறேன், எடத்தெக் காலி பண்ணு. வெயிலு வேற மறைக்கிறே.”

முருங்கைக்கீரையும் அவளிடமேதான். மஞ்சள் இலையை அவள் எடுத்துப் போடும்வரை அதற்கும் நிற்பேன்.

கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, முளைவிட்டதும் காயவைத்து, ஏந்திரத்தில் அரைத்தேன். கூழ், அடை, கீரை, வெல்லம் போட்ட எள்ளுருண்டை. அக்கா எல்லாவற்றையும் சாப்பிட்டாள். இரண்டாம் வாரம் முடிவில் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். நர்சம்மா அப்படித்தான் பார்ப்பார். உள்ளே அவித்த முட்டை மாதிரி வெளுத்திருந்தது. படுத்தவள் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான்கு வீடு தள்ளிக் கரையில் கவலை மீன் கூறு கூறாகக் குவிந்து கிடந்தது. மீன் வாசத்திலேயே பிறந்து வளர்ந்தவள் வெறுங்கூழைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் கமால் பாயின் கறிக்கடைக்குப் போனேன்.

கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மற்ற நாட்களில் ஆள்மேல் ஆள் விழும் கடை. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் பாதி வீடுகள் எங்கள் மாதா கோவிலைச் சேர்ந்தவை. வெள்ளிக்கிழமை மட்டுமில்லாமல் தவக்காலம் முழுக்கவே பல பேர் பாய் கடைக்கு வருவதில்லை. இது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. கறி தொங்கியது. ஈரலும் சுவரொட்டியும் கேட்பாரில்லாமல் கிடந்தன.

நான் சுவரொட்டியைக் கைகாட்டினேன்.

“அதுவா?” என்று பாய் என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார். “இன்னா தங்கச்சி, உங்காளுங்களுக்கு இது ஆவாத மாசமாச்சே? சாமியாரு உதைக்க மாட்டாரா?”

நான் நின்றேன்.

“சர்த்தான், எனக்கு இன்னா வந்துச்சி. ரெண்டையும் எடுத்துக்க. பாதி வெலை குடு. வெச்சிருந்தா சாயங்காலம் நாய்க்குத்தான் போடணும். யாருக்கு, ஊட்ல புள்ளத்தாச்சியா?”

தலையை ஆட்டினேன்.

“அப்ப அழுத்திப் பாத்து வாங்கணும். இங்க விரல வையி. அமுங்கி எழும்புதா? அமுங்கினா அமுங்கினபடி கெடந்தா தொடாதே. நானே குடுத்தாலும் தொடாதே.”

கீரைக்கட்டுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். வேகவைத்து, மேல்தோலை உரித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் மிளகும் சீரகமும் வைத்து அம்மியில் மசிய அரைத்தேன். முருங்கைக்கீரைச் சாற்றில் கரைத்துக் கொதிக்கவிட்டேன்.

“இன்னாடி இது, கறேல்னு கீது?”

“மொளகு ஜாஸ்தியாப் பூட்ச்சி.”

அக்கா குடித்தாள். வாய் வைத்து எடுக்காமல் குடித்தாள். நான் அவளிடம் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. ராத்திரி செபத்தின்போது மாதா படத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் பாய் கடைக்குப் போனேன்.

நான்காம் வாரம் ஆஸ்பத்திரிக்கு அத்தையும் வந்தார்கள். நர்சம்மா குழாயைத் தூக்கிப் பார்த்தார், இறக்கினார், மறுபடி தூக்கினார்.

“எட்டு! எட்டுக்கு மேலயே சொல்லலாம். இன்னாம்மா குடுத்தே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்கள்.

“நேர்ச்சைம்மா! மாதாவாண்ட நேந்துகினேன். அப்பால அந்த டப்பா. எம் மவன் வாங்கியாந்தது.”

டப்பாவின் மூடியை அக்கா இரண்டே தடவைதான் திறந்திருப்பாள். அந்த மணம் அவளுக்குக் குமட்டியது. நர்சம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வெளியே வந்ததும் அத்தை அக்காவின் கன்னத்தைத் தடவினார்கள்.

“பாத்தியாடி, கன்னத்துல செவப்பு! வெள்ளிக்கெயமை வந்து உன்னெ நம்ம வூட்டுக்கு இட்டுகினு போறேன். பாஸ்கா வரிக்கும் எங்கண்ணு முன்னாடி இரு. பச்சரிசிச் சோறும் ரசமும் பருப்பும், ராத்திரி டப்பா. இந்தக் கூழு நாத்தம் இனிமே வேணாம்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் மறைத்து மறைத்து ஊற்றிய ஒவ்வொரு டம்ளரும் நேர்ச்சையின் கணக்கில் ஏறியிருந்தது. அது எவ்வளவு பலித்ததோ அவ்வளவு சீக்கிரம் அக்கா அந்த வீட்டுக்குப் போவாள். அங்கே ரசம் குடிப்பாள். எட்டு ஏழாகும், ஆறரையாகும்.

நைனாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“வேணாம் ஆலிஸு. சம்பந்தி வூட்டோட பேஜாரு வேணாம். அவுங்க வூட்டுப் பொருளு, அவுங்க இட்டுகினு போறாங்க.”

“அம்மாவையும் இப்பிடித்தான் வுட்டோம்,” என்றேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நான் பாய் கடைக்குப் போய் வழக்கம்போல வாங்கி வந்தேன். வீட்டு வாசலில் பொன்னுரங்கத்தின் ரிக்‌ஷா நின்றது. உள்ளே அத்தை அக்காவின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அக்கா பாயில் உட்கார்ந்திருந்தாள். நைனா வேலைக்குப் போகாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துட்டியா? டப்பாவ எடுத்து இந்தப் பையில வையி,” என்றார்கள் அத்தை.

“அக்கா வராது,” என்றேன்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். அக்காவுக்குக் கல்யாணமான இந்த நாலு வருஷத்தில் நான் அவர்களிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

“இன்னாது?”

“அக்கா எங்கியும் வராது. அதுக்கு ரத்தம் ஏறுனது நேர்ச்சையில இல்லே. டப்பாவுலயும் இல்லே. இதுல.”

கீரையை எடுத்துப் போட்டுவிட்டு வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து அவர்கள் முன்னால் தரையில் வைத்தேன். சுவரொட்டி இரண்டு. ஈரமாக மினுமினுத்தது.  பொட்டலத்தைத் திறந்தபடியே விட்டேன்.

“ரெண்டு வாரமா ஒருநாள் வுட்டு ஒருநாள் அரைச்சி ஊத்தறேன்.”

அத்தை பின்னால் சாய்ந்து மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். “அடிப்பாவி! தவக்காலத்துல! வெள்ளிக்கெயமையில! ஊமைன்னு நெனச்சேனே, நீ ஊமையாடி? எம் பேரப்புள்ள தலையில பாவத்த ஏத்திட்டியேடி! டேய் ஸ்டானிஸ்லாசு, மரமாட்டம் நிக்கிறியே, கேளுடா!”

மச்சான் கேட்கவில்லை. சுவரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாவம்னா எனுக்கு,” என்றேன். “மாதா கோவிச்சா என்னெக் கேக்கட்டும். சாமியாராண்ட போவணும்னா வாங்க, இப்பவே வரேன், நானே சொல்றேன். ஆனா அக்காவெ இட்டுகினு போவக் கூடாது.”

“யாருடி நீ சொல்றதுக்கு? அவ எங்க வூட்டு மருமவ. நேர்ச்சைய மீறி அவளுக்குத் தெரியாம மாமிசத்த ஊட்டியிருக்கே. ஏமாத்தியிருக்கே. பிலோமி, கேட்டியாடி உன் தங்கச்சி பண்ண வேலைய?”

நான் பயந்தது இதற்குத்தான். அத்தையின் ஏச்சுக்கு இல்லை. அக்கா நேர்ச்சைக்குப் பயப்படுகிறவள். வயிற்றைத் தடவிக்கொண்டே தினமும் நாட்களை எண்ணுகிறவள். அவளை நான் ஏமாற்றினேன் என்பது உண்மை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“எனுக்குத் தெரியும் அத்தே,” என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினோம்.

“மொத நாளே தெரியும். கறி வாசம் தெரியாம போறதுக்கு எம் மூக்கு இன்னா காசிமேட்டுல பொறக்கலியா? தெரிஞ்சேதான் குட்ச்சேன். நல்லா இருந்துச்சி. அவ மேல பாவம்னா எம்மேலயுந்தான்.”

 வெளியிலிருந்து பொன்னுரங்கம் குரல் கொடுத்தான்.

“யம்மா, ஏறுவீங்களா, இல்ல நான் வேற சவாரிக்குப் போட்டுமா? வண்டி வெயில்ல காயுது!”

“ஒரு ஆளுதான் வருவாங்க. நில்லு,” என்றாள் அக்கா. பிறகு மச்சானைப் பார்த்து, “இன்னாய்யா, நீ சொல்லேன். எட்டா, ஏழா? எது வேணும் உனுக்கு?” என்றாள்.

மச்சான் அம்மாவின் முகத்தையும் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இருக்கட்டும்மா. இங்கியே இருக்கட்டும்,” என்றார். சொல்லிவிட்டு அவரே பயந்துபோய் வெளியே போய்விட்டார்.

அத்தை ரிக்‌ஷாவில் தனியாகப் போனார்கள். தெருமுனை வரை அவர்கள் குரல் கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்கள் வரிசையில் யாரும் உட்காரவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். நான் குடத்தை வைத்துவிட்டு என் முறைக்கு நின்றேன். பிறகு நேராகப் பாய் கடைக்குப் போனேன். அன்றிலிருந்து அரைத்துக் கரைக்கவில்லை. உப்பும் மிளகும் தடவி, தணலில் சுட்டுத் துண்டு துண்டாகத் தட்டில் வைத்தேன். கவலை மீனும் ஆக்கினேன். நைனா ஒருநாள் கரையிலிருந்து அவரே மீன் வாங்கி வந்து அடுப்படியில் வைத்துவிட்டுப் போனார்.

அக்காவுக்கு அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே உண்மையிலேயே தெரியுமா, அல்லது என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாளா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு நர்சம்மா ஒன்பதேகால் என்று எழுதினார். “பத்து வந்திருந்தா நல்லாருக்கும். சரி, சேத்துக்கறேன்,” என்றார். அன்றைக்கு அவர் வட்டம் எதுவும் போடவில்லை. பாஸ்கா முடிந்து ஐந்தாம் நாள் அக்காவுக்கு வலி எடுத்தது. மத்தியானம் குழந்தை பிறந்தது. அதன் பிறகு ரத்தம் போனது. கதவுக்கு வெளியே நர்சம்மாவின் செருப்புச் சத்தம் வேகமாக அங்கும் இங்கும் ஓடியது. நைனா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கும் இதே மாதிரிதான் சத்தம் கேட்டது. நான் விரலைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு சத்தம் மெதுவாயிற்று. கதவு திறந்தது.

“நின்னுடுச்சி,” என்றார் நர்சம்மா. நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார். “ஏழோட வந்திருந்தா இந்நேரம் நான் உங்களாண்ட வேற சேதி சொல்லிகினு இருப்பேன்.”

அத்தை சாயங்காலம் வந்தார்கள். கட்டிலருகே நின்று துணியை விலக்கிக் குழந்தையைப் பார்த்தார்கள். பெண் குழந்தை. கறுப்பாக, கையை முறுக்கிக்கொண்டு கிடந்தது.

“பொட்டப்புள்ளெ,” என்றார்கள். “நேர்ச்சைய முறிச்சதுக்கு மாதா குட்த்த கூலி. பாத்துக்க.”

அக்காவுக்குக் கண்ணைத் திறக்கவே தெம்பில்லை. ஆனால் திறந்தாள்.

“நான் உசுரோட கீறேன் அத்தே,” என்றாள். “மொதல்ல அத்தெப் பாருங்க.”

பிறகு என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“பசிக்குதுடி. இன்னா கொண்ணாந்தே?”